மேஸ்திரி மாப்பிள்ளை கடைவாய்ப் பல் கடைந்த கதை

என் தங்கை புருஷனுக்கு ரெடிமேட் என்றாலே ஆகாது. கம்ப்யூட்டரில் ஏற்றும் புரோகிராமைக்கூட அப்படியே ஏற்றமாட்டார். எழுதியவன் எழுதினபடி சோர்ஸ் கோடு வரிகளை இறக்கி, தானே கம்பைல் செய்து கட்டினால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அதனால் லேபில் அவருக்கு மேஸ்திரி என்று பெயர்.

செயற்கைப் பல் செய்யும் லேப் அது. பல்லை டாக்டர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் நான். அதற்கு மெருகு போடுபவள் தங்கச்சி. மாப்பிள்ளை பதினோரு வருஷம் பல் அச்சுக்குப் பிளாஸ்டர் குழைத்தவர். போன வருஷம்தான் ஏசி அறையில் கம்ப்யூட்டர் நாற்காலி கிடைத்தது. அன்று முதல் கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளுகிறார்.

வியாழக்கிழமை காலை எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. வாய் ஸ்கேனைத் திறக்கும் புரோகிராமில் புதுசு வந்திருக்கிறது என்று இறக்கிக் கட்டினார். அது ஏதோ ஒரு லைப்ரரியின் புது வெர்ஷனைக் கேட்டது. லைப்ரரி என்றால் பல புரோகிராம்கள் பொதுவில் எடுத்துப் புழங்கும் சாமான் என்று அவரே எனக்கு விளக்கியிருக்கிறார், நான் கேட்காமலேயே. புதுசைப் போட்டார், பழசை அழித்தார். ஸ்கேன் ஜம்மென்று திறந்தது. பல் கடையும் மெஷின் படுத்துவிட்டது. அதன் புரோகிராம் பழைய லைப்ரரியை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்ததாம். அன்றைக்கு ஒரு டாக்டருக்குப் போகவேண்டிய கடைவாய்ப் பல் இன்னும் கடையாமல் கிடந்தது.

முதலாளியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நாலு மணிக்கு அந்தக் கடைவாய்ப் பல்லு கெளம்பணும். கெளம்பலைன்னா கம்ப்யூட்டருக்கு வெளியில இருந்து ஆள் வரும். நீங்க பழையபடி பிளாஸ்டருக்குப் போங்க."

பிளாஸ்டர் படாமலேயே மாப்பிள்ளை முகம் வெளுத்தது.

முதலில் ஒரு தந்திரம் செய்தார். புது லைப்ரரிக்கே பழசின் பெயரை வைத்துவிட்டார். "மெஷினுக்குக் கண்ணா இருக்கு மச்சான்? பேரத்தான் பாக்கும்" என்றார் என்னிடம். மெஷினும் நம்பி ஓடியது. ஒரு மணி நேரம் கடைந்து ஒரு பல்லைத் தந்தது. தங்கச்சி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"இது மனுஷனுக்கா, குதிரைக்கா?"

"புதுசுல அளவெடுக்கிற முறைய மாத்திட்டாங்க போல."

"அவங்க மாத்தினாங்க. நீங்க எதுக்கு மாத்தினீங்க?"

மணி இரண்டேகால். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். அவளே மறுபடி கேட்டாள். "ரெண்டு வெர்ஷனையும் வச்சுக்கிட்டா என்ன?"

"ஒரே சிஸ்டத்துல ரெண்டா? அசிங்கம். பாக்கிறவன் சிரிப்பான்."

"உள்ள போயி யாரு மாப்ள பாக்கிறா?" என்றேன்.

"உங்க அம்மாவையும் என்னையும் ஒரே அடுப்புல நிக்க வச்சீங்க. என்னாச்சு?" என்றாள் தங்கச்சி.

"அது வேற."

"என்ன வேற? ஆறே மாசத்துல தனிக்குடித்தனம் வந்தோமில்ல. உங்க அம்மாவ அழிச்சிட்டா வந்தோம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குடும்ப விஷயத்தில் காது மட்டும் இருந்தால் போதும்.

மாப்பிள்ளை பழைய வெர்ஷனின் சோர்ஸ் கோடு வரிகளைத் தேடி இறக்கினார். அதைத் தனி ஃபோல்டரில் கட்டினார். வைத்த பொய்ப் பெயரை எடுத்தார். மெஷின் புரோகிராமுக்கு மட்டும் 'உன் சாமான் அங்கே இருக்கிறது, அங்கே போ' என்று ஒரு வரி எழுதினார். இரண்டு புரோகிராமும் ஒன்றின் சாமானை மற்றது தொடாமல் ஓடின. எத்தனை வீட்டில் இது வாய்க்கிறது?

மூன்றே முக்காலுக்கு அடுத்த பல் வந்தது. தங்கச்சி அச்சில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

முதலாளியம்மா வந்து பார்த்தார். "சரி, அந்த நாற்காலியிலயே இருங்க." மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்துவதற்குள் அடுத்த வார்த்தையும் வந்தது. "ஆனா இனிமே எதை மாத்தறதா இருந்தாலும் உங்க வீட்டம்மாகிட்ட கேட்டுட்டு மாத்துங்க."

"அவளுக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாதே மேடம்."

"அதனாலதான்."

நான் பல்லை டப்பாவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மாப்பிள்ளை மெருகு மேசை ஓரமாக வந்து நின்று, பிரிண்டருக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தார்.

"வேண்டாம்" என்றாள் தங்கச்சி, நிமிராமலேயே.