சமையல்காரர் கப்பலுக்குக் காத்திருந்த நாட்கள்

கல்லூரி என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவை தகரக் கூரை போட்ட இரண்டு நீளக் கட்டடங்களும் ஒரு சமையலறையும்தான். பார்வை இல்லாதவர்களும் என்னைப் போல அரைகுறைப் பார்வை உள்ளவர்களுமாக நாங்கள் பெண்கள் மட்டும் அங்கே தங்கி பிரெயில், தட்டச்சு, பிரம்பு நாற்காலி பின்னுவது எல்லாம் படித்தோம். என் வீடு அதே தீவில், பக்கத்து மீனவர் குடியிருப்பான ஜங்லிகாட்டில்தான் இருந்தது. ஆனாலும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது விதி.

ஒருமுறை சமையல்காரர் தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக விசாகப்பட்டினம் போனார். கல்யாணம் முடிந்தது, திரும்பி வரக் கப்பல் கிடைக்கவில்லை. இயந்திரக் கோளாறு என்றார்கள், பிறகு புயல் என்றார்கள். வார்டனம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பெரிய படிப்பு படித்தவர், ஆனால் அத்தனை பேருக்குச் சமைத்துப் பழக்கமில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கித் தந்தார். காலையிலும் ரொட்டி, ராத்திரியிலும் ரொட்டி. பிரம்பு பின்னுகிற வகுப்பில் யாருக்கும் கை ஓடவில்லை.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் ரங்கத் என்ற ஊரிலிருந்து வந்த வங்காளிப் பெண்ணுடையது. அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பெற்றோர் வயலுக்குப் போனபின் தம்பி தங்கைகளுக்குச் சோறாக்கியவள். அவள்தான் வார்டனம்மாவிடம் போய் நின்றாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், கர் மே தோ மை ஹீ பனாத்தி தீ" என்றாள். வீட்டில் நான்தானே சமைப்பேன் என்று அர்த்தம்.

வார்டனம்மா என் பக்கம் திரும்பினார். "தீயில்லா அது. உங்களை அடுப்புப் பக்கம் விட்டு, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

"ரொட்டி தின்னே ஏதாவது ஆயிடும்போல இருக்கு மேடம்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: கொஞ்சமாவது கண் தெரிந்த நான் கூடவே நின்று எல்லாவற்றையும் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

செய்தி எப்படியோ வீட்டுக்கு எட்டி, அப்பா காலையில் பிடித்த சுர்மை என்கிற வஞ்சிர மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் அதிகாரி மாதிரி அடுப்பருகில் நின்றேன். அவள் விறகைத் தள்ளுவதும், முகத்தில் படும் சூட்டை வைத்து மறுபடி இழுப்பதுமாக இருந்தாள். மீன் துண்டுகளைத் தடவிப் பார்த்து, செதில் மிச்சமிருந்த ஒன்றை என் கையில் திணித்தாள். கழுவியவள் நான்தான்.

"நமக்" என்று கை நீட்டினாள். உப்பு.

இருட்டான அலமாரியில் உள்ளே வெள்ளையாகத் தெரிந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் விரலைவிட்டுப் பார்க்கப் போனாள்.

"நான்தான் பாத்துட்டேன்ல, போடு" என்றேன். போட்டாள், தாராளமாக.

 சாப்பாட்டுக் கூடத்தில் முதல் வாயிலேயே தமிழ்ப் பிள்ளைகள் இருமத் தொடங்கினார்கள். கேரளத்துப் பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டாள். வங்காளிப் பிள்ளைகள் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். "தோடா மீட்டா அச்சா லக்தா ஹை" என்றாள் ஒருத்தி. கொஞ்சம் இனிப்பு நல்லாத்தான் இருக்காம்.

ரங்கத்துக்காரி கோபிக்கவில்லை. கைபோன பக்கம் என் முதுகில் ஒன்று வைத்தாள், அவ்வளவுதான். வார்டனம்மா ஒரு துண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"யாரு சர்க்கரையை எடுத்துக் கொடுத்தது?"

"நான்தான் மேடம்."

"நாளையிலேருந்து நீ வெளியே உக்காந்து அரிசி பொறுக்கு. அவ பாடு, அவ அடுப்பு."

மறுநாள் அவள் டப்பாக்களை எல்லாம் தன் வசதிப்படி மாற்றி அடுக்கிக்கொண்டாள். ஒரு நாள் சோறு குழைந்தது, ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்தது. மற்றபடி நன்றாகவே சாப்பிட்டோம். தேங்காய் துருவ, வெங்காயம் உரிக்க என்று ஒவ்வொருத்தியாகச் சமையலறைக்குள் வந்துவிட்டார்கள். வார்டனம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதலில் பயத்தோடும் பிறகு பசியோடும் எட்டிப் பார்த்தார்.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. சமையல்காரர் கல்யாண லட்டோடு இறங்கி, நேரே சமையலறைக்குப் போய் அலமாரியைப் பார்த்துத் தெலுங்கில் முணுமுணுத்தார். வார்டனம்மா அவரிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகள் சமைப்பார்கள் என்றார். சண்டை வரும் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

"ஹர் இத்வார் சுட்டி?" என்று கேட்டார் அவர். ஞாயிறுதோறும் விடுமுறையா என்று.

ஆமாம் என்றதும் எங்கள் எல்லோருக்கும் இன்னொரு லட்டு கிடைத்தது. அந்த ஞாயிறு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனார். நாங்கள் பூரி சுட்டோம்.