புஜைராவில் காலைச் சாப்பாடும் நான் பேசிய முப்பத்தெட்டு நிமிடமும்

புஜைராவுக்கு ஒருநாள் பயணமாகப் போய்வருவது எப்படி என்று இரண்டு மாதமாகப் பின்னூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். வழக்கமாக மறுநாளே எழுதிவிடுபவன், இந்த முறை மூன்று வாரம் இழுத்தடித்தேன். கடையில் வேலை அதிகம் என்று சாக்குச் சொல்லலாம். பொய். எழுத வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

புதிதாக வருபவர்களுக்கு: நான் ஷார்ஜா ரோலாவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன், சொந்த ஊர் அதிராம்பட்டினம். லீவு கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். புஜைராவில் மளிகைக்கடை நடத்தும் சிராஜ் காக்கா எங்கள் ஊர்க்காரர். அங்கே தமிழர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு நல வட்டத்துக்கு அவர்தான் தலைவர். "செயலாளர் தேர்தல் வருது தம்பி. ரெண்டு பேர் நிக்கிறாங்க. எல்லாரையும் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, ரெண்டு பேரையும் பேசவச்சு, அங்கேயே கை தூக்கவச்சு முடிச்சிடலாம்னு இருக்கோம். நீங்க சிறப்பு விருந்தினரா வந்து பத்து நிமிஷம் பேசணும். லேபர் கேம்ப்ல பசங்கள்லாம் உங்க பதிவைப் படிக்கிறாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சரி என்றேன்.

காலை 6.10க்கு ரோலாவிலிருந்து கிளம்பினேன். தைத், மசாஃபி வழியாக மொத்தம் 110 கிலோமீட்டர். இந்த வழியில் டோல் கிடையாது. என் சின்ன வண்டிக்குப் போக வர பெட்ரோல் 45 திர்ஹம் ஆனது. தைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறி, மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும். ஜனவரிக் காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம், அப்படி ஒரு குளிர்.

7.05க்கு மசாஃபி. சாலையோரச் சந்தையில் தரைவிரிப்பு, பூச்செடி, பழம், மண்பானை எல்லாம் இருக்கும். சுட்ட சோளம் ஐந்து திர்ஹம், பெரிய கதிராகப் பார்த்து வாங்குங்கள். கரக் சாய் ஒன்றரை திர்ஹம். கூட்டத்துக்கு 7.45க்கு வரச்சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து அரை மணி நேரப் பயணம்தானே என்று மலையின்மேல் வெயில் ஏறுவதைப் படம் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். விருந்தாளி வராமல் கூட்டத்தை ஆரம்பிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நின்றேன்.

மண்டபத்தை அடைந்தபோது மணி 8.25. ஓர் உணவகத்தின் மாடி அது. கீழே கேம்ப் பஸ் ஒன்று நின்றது. சிராஜ் காக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி இப்பத்தான் வர்றிய? எட்டரைக்கு ஆரம்பிக்கணும். சரி சரி, மொதல்ல பசியாறுங்க."

இட்லி, வடை, பொங்கல், ஒரு பக்கம் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். தலைக்குப் பத்து திர்ஹம் கூப்பன், விருந்தாளிக்கு இலவசம். சும்மா சொல்லக்கூடாது, வடை அருமை. குடும்பத்தோடு வந்தவர்கள் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேம்ப் ஆட்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில். கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் தட்டில் தேநீர் வைத்துக்கொண்டு வந்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாய், ஏக் சாய். சீனி கம்" என்றேன்.

"அச்சா" என்று போனவர் திரும்பி வந்து கோப்பையை வைத்தார். "சீனி கம்மியாத்தாண்ணே போட்டுருக்கேன்."

இந்த ஊரில் நமக்கெல்லாம் இது ஒரு வியாதி. வேலைச்சட்டை போட்டவரைப் பார்த்தால் நாக்கு தானாக இந்திக்குத் தாவும். அதோடு நிறுத்தினேனா? "அடடா, தமிழா நீங்க? பார்த்தா தெரியலையே!" என்று சிரித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"எல்லாரும் அப்படித்தாண்ணே" என்று அவரும் சிரித்தார். "நான் முருகேசன். முதுகுளத்தூர்ப் பக்கம். செயலாளருக்கு நிக்கிறேன்."

எண்ணெய்த் தொட்டிகள் கட்டும் இடத்தில் சாரம் போடும் வேலை. ஒன்பது வருடம் ஆகிறதாம். இந்த வட்டத்தில் கேம்பிலிருந்து ஒருவர் தேர்தலில் நிற்பது இதுதான் முதல் தடவை. பரிமாற ஆள் குறைவாக இருந்ததால் தானே தட்டைத் தூக்கியிருக்கிறார்.

எதற்காக நிற்கிறார் என்று கேட்டேன். வட்டத்துக்கு அவசர உதவிக்கென்று ஒரு போன் உண்டு. அது எப்போதும் செயலாளரிடம் இருக்கும். போன வருடம் முருகேசனின் ரூம்காரருக்கு வயிற்றுவலி வந்தபோது அந்த போன் அணைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் வலி எங்கே, எப்போதிருந்து என்று இங்கிலீஷிலோ அரபியிலோ எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. குடல்வால் வெடித்துப் பிழைத்ததே பெரிய விஷயம். "அந்த போன் கேம்ப்ல இருக்கணும்ணே. ஷிப்ட் மாத்தி ஷிப்ட் யாராச்சும் ஒருத்தன் முழிச்சுத்தான இருப்பான்? அதைச் சொல்லத்தான் நிக்கிறேன். நான் மைக்குல பேசுனதே இல்ல. நாலு நாளா பாத்ரூம்ல நின்னு பேசிப் பாத்துக்கிட்டு இருக்கேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். டூட்டி அட்டவணையின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. "பத்தேகாலுக்கு பஸ் கிளம்பிரும்ணே. எங்க ஆளுக இருவத்தாறு பேருக்கும் டூட்டி. அதுக்குள்ள ஓட்டு முடிஞ்சுரும்ல?"

"தாராளமா முடிஞ்சிரும்" என்றேன்.

கூட்டம் தொடங்க ஒன்பது ஆகிவிட்டது. முதல் விருந்தினர் ஒரு டாக்டர். இதயத்தைப் பற்றிச் சரியாகப் பத்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தார். 9.22க்கு என்னிடம் மைக் வந்தது.

பின்வரிசையிலிருந்து கைதட்டல். "கத்தார் ராஸ் லஃபான் கதை சொல்லுங்கண்ணே!" என்று ஒரு குரல். சொன்னேன். சிரிப்பு. அப்புறம் ஓமானில் டயர் வெடித்த கதை. இன்னும் சிரிப்பு. சிராஜ் காக்கா ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார். "நேரம்" என்று எழுதியிருந்தது. படித்தேன், தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தேன். இரண்டாவது சீட்டு வந்தது. அதையும் அங்கேயே வைத்தேன். எதிரில் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேடையின் ஓரத்தில் முருகேசன் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்ததையும் பார்த்தேன். ஆனாலும் வாயை மூடினேனா? குவைத் ஃபர்வானியாவில் மெஸ் சாப்பாடு தேடி அலைந்த கதையைத் தொடங்கினேன்.

உட்காரும்போது மணி பத்து. முப்பத்தெட்டு நிமிடம். அதன்பிறகு டாக்டருக்கும் எனக்கும் பொன்னாடை, நினைவுப்பரிசு, மேடையில் குழுப்படம், முன்வரிசையோடு இன்னொரு படம். நம் கூட்டங்களில் பொன்னாடை இல்லாமல் விருந்தாளியைக் கீழே இறக்க மாட்டார்களே! 10.07க்கு முதல் வேட்பாளர் எழுந்தார். அவர் ஒரு பொறியாளர், நல்ல மனிதர்தான். ஐந்து நிமிடம் என்று எட்டு நிமிடம் பேசினார். அவர் நன்றி சொல்லவும் கீழே பஸ் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

இருபத்தாறு பேரும் எழுந்தார்கள். நாற்காலி நகர்த்தும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. முருகேசன் மைக்கிடம் வந்து, "எல்லாருக்கும் வணக்கம். எனக்கு டூட்டி இருக்கு. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாலு நாள் ஒத்திகை பார்த்தவர் பேசியது அவ்வளவுதான்.

நானும் பின்னாலேயே ஓடினேன். டிரைவர் ஒரு பட்டான். பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "மாஃபி, பாய். லேட் ஆனா மேரா நௌகரி ஜாயேகா. யல்லா, யல்லா!" என்று கையை விரித்தார். முடியாது, தாமதமானால் தன் வேலை போய்விடும் என்கிறார், அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

"விடுங்கண்ணே" என்றார் முருகேசன். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அந்தத் தாளைக் குடுங்க, நான் மேல போய்ப் படிச்சிர்றேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "படிப்பீகளாண்ணே? நீங்க படிச்சா என்னையவிட நல்லாருக்கும்" என்று கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

மேலே போனேன். "சரி, இருக்கிறவங்க கை தூக்கிடுவோம், இன்னும் யாராச்சும் பேசணுமா?" என்று சிராஜ் காக்கா கேட்டுக்கொண்டிருந்தார். தாள் என் கையில்தான் இருந்தது. எழுந்து நின்று அதைப் படித்தால், ஏன் அவர் படிக்கவில்லை என்பதையும் நான் சொல்லவேண்டும். அவர் நேரத்தை எல்லாம் நான்தான் தின்றேன் என்று தோளில் பொன்னாடையோடு அத்தனை பேர் முன்னால் சொல்லவேண்டும். தாளை மடித்துப் பையில் வைத்தேன். பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பொறியாளருக்கு முப்பத்து நான்கு கைகள். முருகேசனுக்குப் பதினேழு. பஸ்ஸில் போனவர்கள் இருபத்தாறு. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அந்த மண்டபத்திலேயே கூட்டிப் பார்த்துவிட்டேன்.

பிறகு வடக்கே பிதியா பள்ளிவாசலுக்குப் போனேன். புஜைராவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், நுழைவு இலவசம். நாலு குவிமாடம், உள்ளே நடுவில் ஒற்றைத் தூண், பழமையான சின்னப் பள்ளி. அவசியம் பாருங்கள். மதியத் தொழுகை லுஹர் அங்கேயே தொழுதேன், மனசு ஒட்டவில்லை. திரும்பும் வழியில் கொர்ஃபக்கான் கடற்கரையில் இறங்கும் திட்டத்தைக் கைவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மன்னிப்புக் கேட்கத்தான், முருகேசனுக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார். "ரொம்ப நன்றிண்ணே. நீங்களே படிச்சும் பதினேழுதான் விழுந்துச்சுன்னா நாம கேட்டது அவுகளுக்குப் பிடிக்கல போல. பரவால்லண்ணே. இனிமே நான் நிக்கல. எழுதுனது நல்லாருந்துச்சாண்ணே?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். போனை வைத்தேன். மனிதனா நான்?

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். வண்டி இல்லாதவர்களுக்கு துபாய் யூனியனிலிருந்து பேருந்து உண்டு. கட்டணம் எனக்குத் தெரிந்து இருபத்தைந்து திர்ஹம், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மசாஃபியில் கால் மணி நேரம் போதும். எங்காவது உங்களைப் பேசக் கூப்பிட்டால், பின்வரிசை ஆட்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, வேட்பாளர்கள் பேசி முடித்தபிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். பொன்னாடையை வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிராஜ் காக்காவுக்கு நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவர்ட்ட சொன்னியளா?" என்று மட்டும் கேட்டார். போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் நீங்கள் படிக்கும் இடத்தில் சொல்கிறேன்.

முருகேசன், அந்தத் தாளை நான் படிக்கவில்லை. அங்கே யாரும் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது.