தை மாதத்து மேகம்

மழை பெய்யும் காலைகளில் எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் துக்கம் விசாரிப்பதுபோலப் பேசிக்கொள்வார்கள். "ஷ்லெக்டஸ் வெட்டர்" என்பார் மூன்றாம் மாடி யூர்கன். மோசமான வானிலையாம். வந்த புதிதில் நான், "இல்லையே, மழை பெய்கிறதே!" என்று மலர்ந்துவிட்டேன். எனக்கு ஜெர்மன் போதவில்லை என்று நினைத்து, "ஆமாம், மழை. மோசம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஊர் உடையார்பாளையத்துக்கு ஃபோன் போட்டால், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் "அங்க மழை உண்டா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஊர்க்காரிக்கு மழையை மோசம் என்று சொல்ல நாக்கு எப்படிப் புரளும்?

இந்த வடக்கு ஜெர்மன் நகரத்தில், பூமி சூடாகிக்கொண்டிருப்பதைப் பொதுஜனத்துக்குப் புரியவைக்கும் காமிக்ஸ் வரைவதுதான் என் பிழைப்பு. விஞ்ஞானிகள் கோடும் புள்ளியுமாய்த் தருவார்கள். நான் அதற்குக் கண், காது, மூக்கு வைப்பேன். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு புத்தகம் தமிழிலும் வருவதாக இருந்தது, எங்கள் பக்கத்து விவசாயிகளுக்காக. ஆய்வுக்குழுத் தலைவி கத்ரீன் ஒரு நிபந்தனை வைத்தார். ஊரில் படிக்கக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஒட்டவில்லையென்றால் தமிழ்ப் பதிப்பு கிடையாது. முதல் வரைவில் கருமேகத்துக்கு வில்லன் முகம் கேட்டிருந்தார்கள். மூன்று கூட்டங்களில் சண்டை போட்டு, அதைச் சிரிக்கவைத்து, நெற்றியில் குங்குமமும் வைத்தேன். ஜெயித்த கர்வத்தோடுதான் விமானம் ஏறினேன்.

சித்திரை வெயிலில் அண்ணியின் முந்திரிக் கொல்லை. பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் கைகளைத் துடைத்துக்கொண்டு என் காகிதங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணி உரக்க வாசித்தாள். கத்ரீன் என் ஃபோனில் வீடியோவாக வந்திருந்தார். மேகம் வரும் பக்கம் வந்ததும் கூட்டம் குபீரென்று சிரித்தது. "அவர்களுக்குப் பிடித்துவிட்டது!" என்று ஃபோனுக்குள் கைதட்டினார் கத்ரீன்.

"ஏம்மா, யாரு இவன்? பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி பல்ல காட்டிக்கிட்டு நிக்கிறான்?" என்றாள் பவுனக்கா. அண்ணியின் பக்கத்துக் கொல்லைக்காரி.

"மேகங்க்கா. மழை நல்லதுதானேக்கா?"

"எந்த மாசத்து மழை?"

பக்கத்தில் மாதம் எழுதியிருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன்.

"இந்தப் படத்துல மரமெல்லாம் பூத்து நிக்கிதுல்ல? அப்ப தை மாசம். தையில இவன் வந்தா மாப்ள இல்லடி, கொள்ளிக்கட்டை! போன வருசம் வந்தான் பாரு, பூவெல்லாம் கருகிக் கொட்டிடிச்சு. ஒங்க அண்ணியக் கேளு."

அண்ணி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஃபோன்ல சொன்னேன்ல. நீ, 'ஆகா, மழையா அண்ணி, குடுத்து வச்சவங்க நீங்க'ன்ன. சரி, தூரத்துல இருக்கிற புள்ளைன்னு வுட்டுட்டேன்."

முந்திரிப் பழ வாசனை மூக்கில் ஏறியது. பதினோரு வருஷமாக மழையைப் பத்திரமாக வைத்திருந்தேன்; மாதத்தைத் தொலைத்திருந்தேன். சித்திரக்கதையும் போச்சு, தமிழும் போச்சு என்று காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன். பவுனக்கா கையைப் பிடித்தாள்.

"எதுக்கு மூட்டை கட்டுற? மூஞ்சிய மாத்தாத. படத்த ரெண்டு பெட்டியாப் போடு. ஐப்பசியில வந்தா கோலம் போட்டுக் கூப்புடுவோம். தையில வந்தா கதவச் சாத்துவோம். ஆளு அதே ஆளுதான். வர்ற நேரந்தான் கெட்டுப் போச்சு."

கூடை மேல் காகிதத்தை வைத்து அங்கேயே வரைந்தேன். ஒரே மேகம், ஒரே சிரிப்பு, இரண்டு மாதம். பவுனக்கா சொன்னதை மொழிபெயர்த்துவிட்டு, ஃபோனைக் காகிதத்தின் மேல் திருப்பினேன். கத்ரீன், ஒரு வருஷத்து மழையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, பல வருஷங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னார். பிறகு, "எவ்வளவு என்பதல்ல, எப்போது என்பதுதான் சிக்கல் என்று மூன்று பக்கம் எழுதினோம். இவர் இரண்டு பெட்டியில் சொல்லிவிட்டார்" என்றார்.

தமிழ்ப் பதிப்பு பிழைத்தது. அதைவிடப் பெருமை, ஜெர்மன் பதிப்பிலும் பவுனக்காவின் பெட்டிகள் ஏறின. அங்கே மேகத்தின் இடத்தில், ஆப்பிள் மரம் பூத்த பிறகு உறைபனி வந்து நிற்கிறது. சிரிப்பு மட்டும் எங்கள் கொல்லையில் வரைந்தது. தலைப்பெழுத்தோடு பன்னிரண்டு பெண்களின் பெயரும் உள்ளட்டையில் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் வரைந்த எந்தப் படமும் அந்தப் பட்டியல் அளவுக்கு என்னை நிமிர்ந்து நடக்க வைத்ததில்லை.

அச்சுக்கு முன்னால் கத்ரீன் கேட்டார்: "உன் பெயர் எந்தப் பட்டியலில்? எங்களோடா, அவர்களோடா?" ஊருக்கு ஃபோன் போட்டேன். "எங்க பேரோட போட்டுக்காத, மாசந் தெரியாதவளே!" என்று பவுனக்கா சிரித்தாள். ஆய்வுக்குழுப் பட்டியலில் போடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசிப் பெட்டிக்கும் தைப் பெட்டிக்கும் நடுவே விரலகல வெள்ளைப் பட்டை ஓடுகிறது. அதில், மேலிருந்து கீழாக, பொடி எழுத்தில் என் பெயரை எழுதினேன். இடப்பக்கம் கோலம் போட்ட வாசல். வலப்பக்கம் சாத்திய கதவு.