நடுப்பாலத்தில் மடங்கிய சைக்கிள்

வாசகசாலைப் பலகையில் இன்று நான் ஒட்டுவது மூன்று விஷயம்:

1. காலையில் என் மடக்கு சைக்கிள் ஓடும்போதே மடங்கியது.
2. காரணம், வேலூரில் வாங்கிப் போட்ட புதுக் கீல் ஆணி.
3. அதே ஆணி போட்டிருக்கும் நண்பர் சுந்தரம் கவனிக்கவும்.

பாலாற்றுப் பாலத்தின் நடுவில் முன்சக்கரம் என்னை நோக்கித் திரும்பி வந்தது. விழுந்தேன். பின்னால் வந்த குடியாத்தம் பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

கண்டக்டர் இறங்கி வந்தார். "பெரியவரே, சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?"

இதுவரை எழுதிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காதர் பாய் சைக்கிள் கடைக்குப் போனேன். ஆணி மட்டம் என்றேன். பாய் கீலைப் பிரித்தார்.

"ஆணி நல்லாத்தான் கீது சார். நடுவுல இன்னா இது, தோலு?"

"கடகடன்னு சத்தம் வந்தது பாய். செருப்புத் தோலில் வாஷர் வெட்டி வச்சேன்."

"மழைல ஊறி, வெயில்ல சுருங்கி, பூட்டு லூஸாய்டுச்சு. ஆம்பூர் தோல் கம்பெனில முப்பது வருசம் இருந்தீங்க. தோல் சுருங்கும்னு தெரியாதா?"

போன வாரம் சுந்தரத்தின் சைக்கிளுக்கும் அதே வாஷரை நானேதான் வெட்டிப் போட்டேன், வேண்டாம் என்றவரை வற்புறுத்தி. அவர் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போயிருக்கிறாராம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் இருவரையும் சைக்கிளிலிருந்து இறக்கி, பஸ் ஏற்றி அனுப்புங்கள். என்னைத் திட்ட நினைப்பவர்களுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு.