வானொலியில் அண்ணன் பேசிய பிறகு

எழுபத்தொன்றில் நடந்த போரிலிருந்து என் அண்ணன் ஒரு காலோடு திரும்பினான். போர் முடிந்த பிறகு, வயலில் புதைத்திருந்த கண்ணிவெடிகளை எடுக்கும்போது போன கால் அது. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் உட்கார்ந்து சாக்குத் தைத்தான். நானும் அங்கேதான் சுக்கைத் தரம் பிரித்துப் பொறுக்கினேன். போரைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை. வேலை விட்டு வரும்போது யாருக்கும் பேசத் தெம்பிருக்காது.

சில வருஷம் கழித்து வானொலிக்காரர்கள் டேப் ரிக்கார்டரோடு எங்கள் தெரு வாசகசாலைக்கு வந்தார்கள். போருக்குப் போய் வந்தவர்களோடு உரையாடல் என்றார்கள். செயலாளர் விடாமல் அழைத்ததால் அண்ணன் போனான். நெடுநேரம் பேசினானாம். ஒலிபரப்பான சாயங்காலம் தெருவே ரேடியோவைச் சுற்றி நின்றது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீரத்தைப் பற்றி நிறையப் பேசினார். அண்ணன் குரல் கொஞ்சம்தான் வந்தது.

"சண்டை தீர்ந்தாச்சுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறமாக்கும் எனக்குக் கால் போனது."

சாயாக்கடைச் சேட்டன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா வாசலில் நின்றாள். வானொலியில் கேட்டுவிட்டு, வல்லார்பாடம் தீவிலிருந்து படகேறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். அதே போரில் அவள் மகனைக் காணவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"மோனே, நீ அவனைக் கண்டதுண்டோ?" என்று அண்ணனைக் கேட்டாள்.

எந்தப் படைப்பிரிவு என்று அண்ணன் விசாரித்தான். வேறு பிரிவு, வேறு எல்லை.

"இல்லம்மே. எனக்கு அவனை அறியாது."

போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

"சாரமில்ல, பரவாயில்ல மோனே. அங்கே குளிருமோ? அவனுக்குக் குளிர் ஆகாது."

அண்ணன் ஊன்றுகோலைக் கீழே வைத்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். விடியற்காலைக் குளிர், பூட்ஸைக் கழற்றாமல் தூங்கியது, ரொட்டி கல்லாய்ப் போனது. நான் அடுப்படியில் நின்று முதல் தடவையாகக் கேட்டேன்.

அதன் பிறகு அடிக்கடி வந்தாள். அதே கேள்விகள், அதே பதில்கள். துணி துவைக்க எனக்கிருந்த ஒரே நாளான ஞாயிறும் அதில் போயிற்று. அவள் போனதும் அண்ணன் சாப்பிட மாட்டான்.

"வர வேண்டாம்னு நான் சொல்லட்டா?"

"வேற யாருகிட்ட போய்க் கேப்பாங்க? விடு."

எண்பதுகளில் வானொலிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். "என்கிட்ட இனி ஒண்ணுமில்ல. வல்லார்பாடத்துல ஒரு அம்மா உண்டு, அவங்ககிட்ட கேளுங்க" என்று அண்ணன் அனுப்பிவிட்டான். போய்ப் பேசிப் பதிவு செய்தார்கள். ஒலிபரப்பன்று அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூவருமாகக் கேட்டோம். மகனை நினைத்துப் பெருமையாக இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"அவன் போன அன்னிக்கு நான் சந்தையில மீன் வித்துட்டிருந்தேன். ஓடி வரும்போ அவன் ஏறின படகு போயாச்சு."

 பேட்டி எடுத்தவர் நன்றி சொன்னார். செய்திகள் தொடங்கின.

"இதாணோ என் சத்தம்?" என்றாள் அந்த அம்மா.

அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு, அண்ணன் ஊன்றுகோலோடு படகேறி வல்லார்பாடம் போக ஆரம்பித்தான். திரும்பும்போது அவனுக்கு மூச்சு வாங்கும்.

"அங்க போய் என்னதான் பேசுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் பேச மாட்டோம். ரெண்டு பேருக்கும் பேசிப் பேசி அலுத்துப்போச்சு" என்றான்.