ரிங் போகிறது

மதுரையில் இயற்பியல் படிக்கிற மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒரு காலையில் பிணைந்து பிறக்கும் துகள்களைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு தூரம் பிரித்தாலும் அந்தப் பிணைப்பு அறாதாம்.

"ஒரு சோடிச் செருப்பப் பிரிச்சு, ஒண்ண டெல்லிக்கு அனுப்புறோம்னு வச்சுக்கோங்கப்பா. இங்கன பெட்டியத் தெறந்து இடதுன்னு பாத்தா, அங்கன வலது. தெறக்குற வரைக்கும் எது எதுன்னு செருப்புக்கே முடிவாகாது."

"அதுவரைக்கும் டெல்லிக்காரன் நொண்டவா?" என்றாள் மனைவி. பட்டாசுக் கம்பெனி வேன் வரும் நேரம்; தூக்குச்சட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப சேதி சொல்லப் போனே வேண்டாமே?" என்றேன்.

"அதான் நடக்காது. நீங்க பாத்தது அங்கன உள்ளவுகளுக்குத் தெரியாது. போன் போட்டுத்தான் சொல்லணும். ரகசியச் சேதிக்குச் சாவி செய்யலாம். நடுவுல எவனும் எட்டிப் பாத்தா காட்டிக் குடுத்திரும். அம்புட்டுதான்."

மகள் திரும்பிப் போன பிறகு ஒரு முற்பகல். அச்சாபீசில் காலண்டர் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேற்கே, பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வெடிச் சத்தம். சன்னல் நடுங்கியது. மனைவியின் எண்ணை அடித்தேன். ரிங் போனது. அடித்துக்கொண்டே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறித்துக் கட்டிய கயிற்றருகே எல்லார் காதிலும் போன்.

"ரிங் போகுதா அண்ணாச்சி?"

"போகுது."

"அப்பப் பயப்படாதீக. ஆளு இருக்கும்."

நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்குத் தெரியாததா? வெடிமருந்து அறைப் பக்கம் போன் போகக் கூடாது. காலையில் கேட்டிலேயே வாட்ச்மேன் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் பெண்கள் உள்ளே போவார்கள். வருடக்கணக்காகத் தெரிந்த அதை அத்தனை பேரும் மறந்துபோனோம். புகை அடங்கியும் ரிங் போய்க்கொண்டே இருந்தது. என் போன்தான் சார்ஜ் இறங்கி அணைந்தது.

சாயங்காலம், ஆஸ்பத்திரியில் மெட்டியைப் பார்த்து அவளை அடையாளம் சொன்னேன்.

வெளியே வாட்ச்மேன் அந்தப் பெட்டியோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுது எதுன்னு பாத்து எடுத்துக்கோங்க."

மஞ்சள் உறை போட்டதை எடுத்தேன். கைக்குள் அதிர்ந்தது. மகள்தான். பச்சையைத் தொட்டேன்.

"யம்மா! எடுத்துட்டியா! அப்பா போனும் போகல, எனக்கு உயிரே இல்லம்மா..." சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினாள்.

இங்கே பார்த்தாகிவிட்டது. அங்கே அவளுக்கு அம்மா இன்னும் இருந்தாள், நான் வாய் திறக்கும்வரை.

"யம்மா? பேசேன்."

"அப்பா பேசுறேன் தாயி" என்றேன்.