மாத்திரையையும் சேர்த்தே சொல்கிறேன்

போலீஸ் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு என்னை அழைத்த அன்று நான் வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் முடிந்திருந்தன. நான் பில் போடுகிற கம்மனஹள்ளி துணிக்கடையில், "மேடம், எங்களுக்கு ஹெல்மெட் ஃபைன் போடாதீங்க" என்று அப்போதே கேலி செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அடுத்து வரப்போகும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தது உண்டா என்ற கேள்வி அது.

சபையாரே, உண்டு. உங்களில் பலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா இறந்த மறு வருஷம், நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிறகு யாரோ காதுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம் செருப்புகூடப் போடாமல் லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து இறங்கி, ரிங் ரோட்டுக்குப் போய், பஸ்களுக்கு நடுவில் நின்று வண்டிகளைக் கை காட்டி நிறுத்த ஆரம்பித்தேன். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருப்பதாக நம்பினேன். போலீஸ் வேலையை அன்றைக்கே தொடங்கிவிட்டேன் என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்று அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஒரு டிராஃபிக் போலீஸ் அக்கா ஓடி வந்தார். அவர் என்னைத் திட்டவில்லை, இழுக்கவும் இல்லை. என் பக்கத்தில் வந்து நின்று அவரும் கை காட்டி வண்டிகளை நிறுத்தினார். ரோடு அடங்கியதும் கன்னடத்தில், "சரி, உன் டியூட்டி முடிஞ்சது, வா போகலாம்" என்றார். நானும் பேசாமல் கூடவே போனேன். இது எப்படி அவருக்குத் தோன்றியது, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். காக்கிச் சட்டை மேல் எனக்கு ஆசை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் சொன்ன காலம் வரை மாத்திரை சாப்பிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் அவரே நிறுத்தச் சொன்னார். சபை முழுவதும் எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்ததையும் நான் மறக்கவில்லை. குணமானேன், பட்டமும் வாங்கினேன்.

இனிதான் சிக்கல். நான் இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு உபவாசக் கூட்டத்தில் அம்மா என்னைப் பக்கத்தில் நிறுத்தி மைக் பிடித்துச் சாட்சி சொன்னார். "என் பிள்ளையைப் பிடிச்ச பிசாசு ஓடிப்போச்சு. மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டோம்" என்றார். எல்லோரும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். வாலிபத் தம்பிகள் அதை வீடியோ எடுத்து சபையின் சேனலில் போட்டார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கேள்வி கேட்கிற வியாதி உண்டு. அதற்கு மட்டும் இன்னும் மருந்து கிடைக்கவில்லை. ஞாயிறு பள்ளியில், கடல் பிளந்தபோது நடுவில் இருந்த மீன்கள் எந்தப் பக்கம் போயின என்று கேட்டு வெளியே நிறுத்தப்பட்டவள் நான். அன்றும் வீடு திரும்பும்போது கேட்டேன். "அம்மா, காலையிலகூட நீதானே மாத்திரை கொடுத்த?"

"சும்மா வா பாப்பா. கர்த்தருக்கு மகிமை சொல்ற இடத்துல மாத்திரை கதை எதுக்கு?" என்றார் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்ததும் அம்மா என்னைப் பாஸ்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுச் சொன்னார். "இல்லைன்னு எழுதும்மா. ஆண்டவர் சுகமாக்கிட்டாரு. அப்புறமும் வியாதி இருந்துச்சுன்னு எழுதுறதுதான் அவிசுவாசம்."

அன்போடுதான் சொன்னார். எனக்கும் அப்படியே எழுதிவிட ஆசைதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அப்ப எதுக்கு ஆண்ட்டி சாட்சி சொன்னோம்? வியாதி இல்லைன்னா சுகமானதும் இல்லைதானே?"

பாஸ்டரம்மா சிரித்துவிட்டார். "உன் கேள்விக்கெல்லாம் ஆண்டவரே நேர்ல வந்துதான் பதில் சொல்லணும்."

சரி, அவரையே கேட்போம் என்று நானும் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, மைக்கில் சொன்னதை டாக்டரிடம் ஏன் மறைக்க வேண்டும்? மறைத்தால் உமக்கு மகிமையா, சொன்னால் மகிமையா? எனக்குப் புரியவில்லை. வேலையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்." இப்படித்தான் ஜெபித்தேன். பதில் எந்த வழியாக வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொப்பனம் எதுவும் வரவில்லை. யாரும் தீர்க்கதரிசனமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு பாஸ்டர் காணிக்கையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நடுவில், குணமான குஷ்டரோகி, சுகம் உண்மைதானா என்று பார்த்துச் சொல்கிற ஆசாரியனிடம் போய்த் தன்னைக் காட்ட வேண்டியிருந்ததை ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். நான் போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டேன். அந்த மனிதன் ஆசாரியன் முன்னால் போய், "எனக்கு வியாதியே வந்ததில்லை ஐயா" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரசங்கத்தின் மீதியில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை, பாஸ்டர் மன்னிக்க வேண்டும்.

படிவத்தில் "உண்டு" என்று எழுதினேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு மட்டும் வரும், தட்டு வைக்கிற சத்தத்திலேயே கோபம் எவ்வளவு என்று தெரியும்.

பயந்த மாதிரியே, மனநல டாக்டரிடம் கருத்து கேட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். பழைய சிகிச்சைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டர் நிறைய கேட்டார். கடைசியில், "மறுபடி தூக்கம் போனா என்ன செய்வே?" என்றார். "ஜெபிப்பேன் சார். ஜெபிச்சுட்டு நேரா இங்க வருவேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வேலைக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதோடு முடியவில்லை. அரசாங்க வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அம்மா ஆட்டிய மாவை வழித்துக்கொண்டிருந்தார். வந்தவர் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசினார். வழக்கு ஏதாவது உண்டா, எவ்வளவு வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். நானே என் சிகிச்சையைப் பற்றிச் சொல்லி, காகிதத்தின் நகலையும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தன் போனை எடுத்து நீட்டினார்.

"பக்கத்துல விசாரிச்சேன். இதைக் காட்டினாங்க. இது நீங்கதானே அம்மா?"

போனுக்குள் அம்மா மைக் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான். 'மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டோம்' என்கிற இடத்தில் கான்ஸ்டபிள் வீடியோவை நிறுத்தினார்.

"டாக்டர் லெட்டர்ல ட்ரீட்மெண்ட் ஃபுல்லா முடிச்சாங்கன்னு இருக்கு. நீங்க குப்பைன்னு சொல்றீங்க. யாவுது நிஜா? எது உண்மை? எதை நான் எழுதறது?"

அம்மா சபையில் சொன்னதை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. வீடியோதான் உண்மை என்று அவர் சாதித்தால், டாக்டர் எழுதியது பொய்யாகிவிடும், நான் அவ்வளவுதான். மனதுக்குள் ஜெபித்தேன். அந்த நேரத்தில் கர்த்தருடைய மகிமைக்காக ஜெபித்தேன் என்று சொன்னால் அது பெரிய புளுகு. வேலைக்காகத்தான் ஜெபித்தேன்.

அம்மா மாவுக் கையோடு எழுந்து வந்து நின்றார். பிறகு சொன்னார். "குப்பையில போடல சார். தினமும் நான்தான் என் கையால கொடுத்தேன். முழுங்கிட்டாளான்னு நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். மாத்திரைன்னு சொன்னா ஆண்டவர் பேரு குறைஞ்சிடும்னு நெனச்சு அங்க பொய் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த மனிதர் பதறிப்போனார். "ஐயோ, அழாதீங்க அம்மா. நம்ம வீட்லயும் ஹாகேதான், இப்படித்தான். சாமிக்கு வேண்டிப்போம், டாக்டர்கிட்டயும் போவோம். ஊருக்குச் சாமி கதையை மட்டும் சொல்லுவோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் மறைச்சிருந்தா இந்த வீடியோ ஒண்ணே போதும்மா, எல்லாம் அங்கேயே நின்னிருக்கும்." அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகிறேன். உத்தரவைக் கையில் வாங்கியபோது நான் அழவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் முன்னால் அம்மா பேசியபோதுதான் அழுதேன். சொப்பனத்திலும் தீர்க்கதரிசனத்திலும் நான் தேடிய பதில், மாவுக் கையோடு நின்ற என் அம்மாவின் வாயிலிருந்து வந்தது. ஆண்டவர் அந்த வழியைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் எத்தனை வழி வைத்திருக்கிறார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

போன ஞாயிறு அம்மா மறுபடியும் மைக் வாங்கி, நடந்ததை நடந்தபடி சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். அன்று ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நம்மில் ஒரு சகோதரி என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "உன்னைப் பார்த்த அந்த டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பாரு?" என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கிழமையைச் சொன்னேன். கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார்.

பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன் அவரோடு போய் வந்துவிடுவேன். உங்களில் வேறு யாருக்காவது அந்தக் கிழமை தேவைப்பட்டால், வெட்கப்படாமல் அம்மாவிடம் கேளுங்கள். அம்மா கூட வருவார். ஜெபமும் செய்வார், மாத்திரை முழுங்கியாயிற்றா என்று நாக்கைத் தூக்கிக் காட்டவும் சொல்வார்.